இரண்டாவது மணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு கதை சொல்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. எங்கள் நைனா கம்பவுண்டர். முச்சந்தியில் யாரோ சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, சர்க்கரை போட்டு ஜூஸ் கலக்கிக் குடித்தவர். யாராவது காற்று, கருப்பு என்று வாயைத் திறந்தால் "பேதி மாத்திரை தரட்டா?" என்று கேட்பார். அந்த மனுஷனுக்குப் பிறந்தவள் நான். அதற்கு மேல் கணக்கு டீச்சர். போர்டில் போட்டு நிரூபிக்க முடியாத எதையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. இதை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் பாதியிலேயே எழுந்துபோயிருப்பேன். நீங்களும் எழுந்துபோகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடுவில் சிரிக்காதீர்கள், அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

இன்னொன்று. இது ராத்திரியில் நடந்ததில்லை. பட்டப்பகல், நல்ல வெயில், பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகள். இருட்டாக இருந்திருந்தால் கண் ஏமாற்றியது என்றாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

பள்ளிக்கூடம் சித்தூரில். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கடல் தாண்டி வந்த கன்னியாஸ்திரீகள் தொடங்கியது. முதலில் சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மட்டும் என்று இருந்ததாம், பிறகு மெல்ல மெல்ல ஊரே உள்ளே வந்துவிட்டது. குடிபாலா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள், நகரியில் தறி ஓட்டுகிறவர்கள் வீட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்குகிற பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகள். சிஸ்டர்கள் இப்போது முக்கால்வாசி கேரளாக்காரர்கள். வராந்தாவில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடந்தால் நாலு பாஷை காதில் விழும், திட்டிக்கொள்வது மட்டும் எல்லாரும் தெலுங்கில். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் ஒரு ரெட்டி வீட்டிலிருந்து வரும், ஆட்டுக்குட்டிகளுக்குப் பஞ்சு ஒட்டுவது எங்கள் உருது வாத்தியார் மஸ்தான் சாரின் வகுப்பு. பார்க்க வருகிறவர்கள் ஆஹா என்பார்கள். உள்ளே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும், யார் எந்த ஜாதி, யார் எந்த சபை என்று எல்லாரும் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். நானே அங்கே அரை அந்நியம். நாங்கள் பழைய மிஷன் சபை, பிராட்டஸ்டண்ட். ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் இருபத்து மூன்று வருஷம் உழைத்தும், மாதா சுரூபத்தைத் தாண்டும்போது கிரேஸ் டீச்சர் தலை குனிகிறாளா என்று பார்க்கிற கண்கள் இருந்தன. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் புரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். பீரியட் மாறுவதற்கெல்லாம் ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டும் சாப்பல் பக்கத்துக் கல் வளைவில் தொங்குகிற பெரிய மணி. அது ஒரு தடவை அடித்ததும் யார் எங்கே எப்படி இருக்கிறார்களோ அப்படியே நிற்க வேண்டும். பேச்சு கிடையாது, திரும்புவது கிடையாது. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தால் அந்தப் படியிலேயே, குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தால் சொம்பு கையோடு. ஒரு நிமிஷம் போனால் இரண்டாவது மணி அடிக்கும், அப்புறம்தான் அசையலாம். ஆர்.சி.காரர்களுக்கு அது மூவேளை செபம். தெலுங்குப் பிள்ளைகள் நிலபடே கண்ட்ட என்பார்கள், நம் பிள்ளைகள் நிக்கற மணி என்பார்கள். உச்சிவேளையில் பிள்ளைகள் ஓடாமல் நிற்பது நல்லதுதான் என்று இந்துத் தாய்மார்களுக்கும் அதில் திருப்தி. தொடங்கி வைத்த வெள்ளைக்கார சிஸ்டர் செத்து, சாப்பலுக்குப் பின்னால் புதைத்து, எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரே வாரத்தில் எந்தப் பிள்ளையும் அந்த மணிக்குச் சிலையாகிவிடும். அந்தப் பழக்கத்தை அடித்துப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி. எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம்.

அந்த வழக்கத்துக்குள் இன்னொரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தை நடத்துகிற கன்னியாஸ்திரீகள் சபையைச் சேர்ந்த சிஸ்டர் யாராவது உலகத்தில் எந்த மூலையிலாவது இறந்துபோனால், செய்தி வந்த அன்றைக்கு இரண்டாவது மணியைத் தாமதித்து அடிப்பார்கள். ஏன் என்று அறிவிப்பதில்லை. நிற்கிறவர்கள் தாங்களாகவே புரிந்துகொண்டு, போன ஆத்துமாவுக்காக அவரவர் சாமியிடம் வேண்டிக்கொள்வார்கள். மஸ்தான் சார் வாய்க்குள் ஏதோ ஓதுவார். அதனால் மணி தாமதமானால் ஒருவரும் பதறுவதில்லை, எங்கேயோ ஒரு சாவு என்று அர்த்தம், அவ்வளவுதான்.

மணி அடிப்பவள் ரோசம்மா. ஆயாவேலை, ஐம்பது தாண்டிய வயசு, குடிபாலாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஒல்லியான உடம்பு, ஆனால் அந்த மணிக் கயிற்றை இழுத்தால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கேட்கும். வேறு யாரையும் கயிற்றைத் தொட விடமாட்டாள். இரண்டாவது மணி அடித்து முடித்ததும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொக்கியில் கயிற்றைச் சுற்றி, தனக்கு மட்டும் அவிழ்க்கத் தெரிந்த ஒரு முடிச்சுப் போட்டு வைப்பாள். அவளுடைய வலது கால் செருப்பின் வார் பிய்ந்து தைத்தது, நடந்தால் ஒரு கால் டப் என்றும் ஒரு கால் சரக் என்றும் கேட்கும். அவள் வருகிறாள் என்பது அவள் வருவதற்கு முன்னாலேயே தெரியும். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது என் வகுப்பு வாசலில் வந்து நின்று "போவட்டா டீச்சர்?" என்று கேட்காமல் போகமாட்டாள். எனக்கு மட்டும்தான் அப்படி. நான் ஒன்றும் அவளுக்கு மேலதிகாரி இல்லை, ஒரு நாள் அவள் சொல்லாமல் போனதற்கு எப்போதோ கத்தியிருக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டேன். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கி ஆட்காட்டி விரலை நீட்டுவேன். இரு என்று அர்த்தம். பிள்ளைகள் என்னை விரல் மிஸ் என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். ரோசம்மா சாயங்காலம் வந்து கேட்கும்போதும் பாதி நாள் அந்த விரலைத்தான் பார்த்திருப்பாள். நான் எழுதி முடித்த பிறகுதான் போ என்பேன், அதுவரைக்கும் நிற்பாள்.

மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஹெட் சிஸ்டர் மீட்டிங்குக்காகத் திருப்பதி போயிருந்தார். மற்ற சீனியர் சிஸ்டரும் கூடப் போய்விட, முதல் தடவையாக என்னைப் பொறுப்பில் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. கூடவே பயம், எங்கே தப்பு கண்டுபிடிப்பார்களோ என்று.

பதினொன்றரை மணிக்கு ஆபீஸ் அறை வாசலில் டப் சரக் கேட்டது. ரோசம்மா நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"டீச்சர், காலைலருந்தே மாருல என்னாவோ கல்லத் தூக்கி வெச்சாப்ல கீது. கையெல்லாம் குடையுது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு வந்துடட்டா?"

"என்னாத்த துன்ன காலையில?"

"ஒண்ணும் துன்னல டீச்சர். டீத்தண்ணிதான்."

"அப்போ கேஸா இருக்கும். நீ போய்ட்டா பன்னெண்டு மணி பெல்லு யாரு அடிக்கறது?"

வாட்ச்மேன் அடிக்கலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை கூட அடிக்கலாம், கயிறுதானே. ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது என்ன தெரியுமா? தாறுமாறாக அடித்தார்கள் என்றாலோ, நேரம் தப்பினது என்றாலோ, பிராட்டஸ்டண்ட் டீச்சர் பொறுப்பில் இருந்த ஒரு நாளில் நிக்கற மணி கெட்டது என்று காலாகாலத்துக்கும் பேசுவார்கள். அதுதான் ஓடியது. ஒரு மனுஷி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் என் பேரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"அரை மணி நேரம்தான் ரோசம்மா. பெல் அடிச்சுட்டுப் போ."

"சரி டீச்சர்," என்றாள். திரும்பி நடந்தாள். அந்தச் செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கத் தேய்ந்துகொண்டே போனது. நான் அவளைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த பீரியட் எனக்கு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, மாடியில். போர்டில் ஒரு தேற்றம் பாதி எழுதியிருந்தேன். போர்டுக்கு மேலே கடிகாரம். சரியாகப் பன்னிரண்டுக்கு முதல் மணி விழுந்தது, கணீரென்று, ஒரே ஒரு அடி. சாக்பீஸ் போர்டில் பட்டபடி நான் நின்றுவிட்டேன். பின்னால் பிள்ளைகள் எழுந்து நின்ற பெஞ்சுச் சத்தம், அப்புறம் எழுநூறு பேர் இருக்கிற கட்டடத்தில் விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. மணி அடிக்கவில்லை. இரண்டு நிமிஷம். மூன்று. கடிகாரம் என் மூஞ்சிக்கு நேராக இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மற்ற வகுப்புகளில் எல்லாரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், எங்கேயோ ஒரு சிஸ்டர் போய்விட்டார். எல்லாரும் வேண்டிக்கொள்ளத் தொடங்கியிருப்பார்கள். ஆனால் பொறுப்பில் இருந்தது நான். சாவுச் செய்தி வந்தால் எனக்குத்தான் முதலில் வரும். எந்தச் செய்தியும் வரவில்லை. அந்தக் கட்டடத்திலேயே அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

தெரிந்தும் நான் கீழே ஓடினேனா? இல்லை. எனக்குக் கோபம் வந்தது. லீவு கொடுக்கவில்லை என்று இவள் வேண்டுமென்றே எல்லாரையும் நிற்க வைக்கிறாள், என்னை அசிங்கப்படுத்துகிறாள் என்றுதான் நினைத்தேன். இருடி, மணி அடிக்கட்டும், வந்து வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம். ஆறு. பின்பெஞ்சில் ஒரு பிள்ளை விசும்பியது. கீழே எங்கேயோ மூடாத குழாயில் வாளி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒருவரும் போய் மூடவில்லை.

எட்டாவது நிமிஷம், வராந்தாவில் டப், சரக்.

நம்பினால் நம்புங்கள், என் மனசில் முதலில் வந்தது நிம்மதி. வந்துவிட்டாள், ஏதோ மறந்துபோய்விட்டாள் என்று. உடனே கோபம், நிற்கிற நேரத்தில் நடக்கிறாளே, இத்தனை வருஷம் மணி அடித்தவள் அவளே சட்டத்தை மீறுகிறாளே என்று. சத்தம் படியேறி, ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவைத் தாண்டி, என் வகுப்பு வாசலில் வந்து நின்றது. வாசல் எனக்குப் பின்பக்கம். எப்போதும் அவளிடம் வருகிற அந்தப் புகையிலை வாசனை வந்தது.

"பெல் அட்ச்சுட்டேன் டீச்சர். போவட்டா?"

சாதாரணக் குரல். சாயங்காலம் கேட்கிற அதே குரல். இரண்டாவது மணி இன்னும் அடிக்கவில்லை, அடித்துவிட்டேன் என்கிறாளே என்று எனக்கு எரிந்தது. பேசக்கூடாத நேரம் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை, திரும்பவும் இல்லை. ஆனால் கை அதன் பழக்கத்துக்குப் போனது. இடது கை தோளுக்கு மேலே, ஆட்காட்டி விரல் நேராக. இரு.

அந்த விரல் நிற்கும்போதே கீழே மணி விழுந்தது. இரண்டாவது மணி. எழுநூறு பேரும் கேட்டார்கள், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஒன்பது நிமிஷம்.

நான் கடுகடுவென்று திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை. நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாசல் பக்கம் யாரும் பார்க்கவில்லை. முதல் பெஞ்சு லாவண்யா, தெலுங்குப் பிள்ளை, பயந்துகொண்டே கேட்டாள்.

"மிஸ், மீரு எவர்னி உண்டமன்னாரு?"

யாரை இருக்கச் சொன்னீர்கள் என்று கேட்கிறாள். "ரோசம்மா வந்தாளே, பார்க்கலியா?" என்றேன். "எவரூ ராலேது மிஸ். யாரும் வர்ல. நீங்க சும்மா விரல் தூக்கினீங்க," என்றாள். மற்ற பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள். அவர்களில் ஒரு பிள்ளைக்கும் செருப்புச் சத்தம்கூடக் கேட்டிருக்கவில்லை. அதற்குள் கீழேயிருந்து மஸ்தான் சார் "கிரேஸ் மேடம், கிரேஸ் மேடம்" என்று கத்துகிற சத்தம்.

மணி வளைவுக்குக் கீழே ரோசம்மா ஒருக்களித்து விழுந்து கிடந்தாள். வலது கால் செருப்பு கழன்று கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்து, வெயிலில் காய்ந்தே போயிருந்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அவள் தலை என் மடியில். டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, விழுந்த உடனேயே போயிருக்க வேண்டும் என்றார். அரை மணி முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கினார், என் மூஞ்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மஸ்தான் சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய வகுப்பு மணிக்குப் பக்கத்து அறை. நல்ல மனுஷன், அளந்து பேசுகிறவர்.

"மேடம், பைத்தியம்னு நெனைக்காதீங்க. எட்டு நிமிசம் நானும் எல்லாரையும் போலத் துவா பண்ணிக்கினு நின்னேன். அப்புறம் என்னமோ மனசு கேக்கல, வெளிய வந்துட்டேன். அந்தம்மா கீழ கிடந்தாங்க. நாடி பார்த்தேன், இல்ல. கயிறு மேல கொக்கியில சுத்தி முடி போட்டு இருந்திச்சு. நான் அவங்க கையப் புடிச்சுக்கினு இருக்கறப்பதான் மேடம் என் தலைக்கு மேல மணி அடிச்சது. அல்லா மேல சத்தியமா சொல்றேன், கயிறு ஆடல."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்," என்றேன் நான். அவர் இன்றுவரை சொல்லவில்லை. நானும் என் வகுப்பு வாசலில் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டாவது மணி அடித்த பிறகுதான் கயிற்றைக் கொக்கியில் ஏற்றுவாள், முதல் மணியோடு விழுந்தவள் எப்படி ஏற்றினாள் என்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அவளுடைய முடிச்சுதான். வாட்ச்மேனுக்கு அவிழ்க்கத் தெரியாமல் கடைசியில் கத்தி வைத்து அறுத்தார்கள்.

குடிபாலாவில் அடக்கம். பள்ளிக்கூடமே வந்திருந்தது, புர்கா போட்ட தாய்மார்கள்கூடக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக நின்று அழுதார்கள். ரோசம்மாவின் மகள் ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா காலைலயே மாரு நோவுதுன்னுச்சு டீச்சர். பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுதான் கெளம்பிச்சு. உங்ககிட்ட எதுனா சொல்லிச்சா?"

என்னைச் சுற்றி ஹெட் சிஸ்டர், மற்ற டீச்சர்கள், எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை கண்களும் என் மேல்.

"இல்லம்மா," என்றேன். "சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?"

இதுதான் நான் செய்தது. மூன்று வருஷமாக என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று குடிபாலாவுக்கே போனேன். ஜெசிந்தா காபி போட்டுக் கொடுத்தாள். "உங்களப் பத்தியேதான் பேசிக்கினு இருக்கும் டீச்சர். கிரேஸ் டீச்சர் போன்னு சொல்லாம நான் பள்ளிக்கூடத்து கேட்டத் தாண்ட மாட்டேன், அவ்ளோ மரியாதைன்னு சொல்லும்," என்றாள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் கரண்டு பெல் வைத்தார்கள், டைமர் போட்டது, சரியாக ஒரு நிமிஷத்தில் இரண்டாவது மணி தானாக அடிக்கும். நான் பன்னிரண்டு மணிக்குப் போர்டு பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டேன். வாசலைப் பார்த்தபடியே நிற்பேன். ஒன்றும் நடக்கவில்லை. மனசுக் கலக்கம், அவ்வளவுதான் என்று நைனா மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் ஏதோ ஞாபகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன், முதல் பெல் அடித்துவிட்டது. திரும்பக்கூடாதே, நின்றேன். டப், சரக். புகையிலை வாசனை.

"பெல் அட்ச்சுட்டேன் டீச்சர். போவட்டா?"

அடுத்த வாரமே டிரான்ஸ்பர் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு முழங்கால் வைத்தியம் என்று காரணம் சொன்னேன். அதே சிஸ்டர்கள் நடத்துகிற இன்னொரு பள்ளிக்கூடம் திருப்பதியில் இருக்கிறது, அங்கே போட்டார்கள். புதுக் கட்டடம், ரோட்டின் மேல். அங்கே நிக்கற மணியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு வெளியே ஆட்டோ ஹாரன், பஸ் ஸ்டாண்டு போகிற கூட்டம், மலைக்குப் போகிறவர்களின் கோவிந்தா கோவிந்தா. இந்தச் சத்தத்தில் எந்தச் செருப்பும் கேட்காது என்று நினைத்தேன்.

கேட்கிறது. அத்தனை ஹாரனுக்கும் நடுவில் அது மட்டும் தனியாகக் கேட்கிறது. முதலில் மாதத்துக்கு ஒரு நாள், இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள். என் முதுகு வாசல் பக்கம் இருந்தால் போதும். கேட்கிற கேள்வி ஒன்றுதான், குரலில் கோபமோ அழுகையோ கிடையாது. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காத்துக்கொண்டு நிற்கிறாள், டீச்சர் எழுதி முடிக்கட்டும் என்று.

போ ரோசம்மா என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் சொல்லிப் பார்க்காமல் இருப்பேனா? வீட்டில் தனியாக இருக்கும்போது ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அவள் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்து, பிராட்டஸ்டண்ட் நான், முழங்கால் போட்டுச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் வந்து கேட்கிற அந்த நேரத்தில் வாய் திறக்கிறது, சத்தம் வருவதில்லை. இடது கை மட்டும் தானாக மேலே போகிறது. விரல் நீளுகிறது. இரு.

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பதி வீட்டில் சமையலறையில் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை. எனக்கு மணி ஞாபகமே இல்லை, பள்ளிக்கூட ஞாபகமும் இல்லை, ஜன்னலைப் பார்த்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தவர் பின்னால் நின்றுவிட்டார்.

"என்னாத்துக்கு கிரேஸ் விரலத் தூக்கிக்கினு நிக்கற?" என்றார். "யார நிக்க வெச்சிருக்கற?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு. அவர் டம்ளரை வைத்துவிட்டு ஹாலுக்குப் போய் டிவியைப் போட்டார். புகையிலை வாசனை அப்படியே இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வலது கையால் அந்த விரலை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை.